நீரூற்று இல்லை, பீலி உண்டு

2008 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மாத்தளைக்கு மேலே மலையில் இருக்கும் எல்கடுவைக்குப் போனேன். காரணம் ஒரே ஒரு சொல். அதே பாதையில் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் சரியாக எழுதுகிறேன். மற்றதில் என் வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏ.எல். வகுப்பில் கலைப்பிரிவு. என்னோடு வந்த தோழி பர்ஹானா விஞ்ஞானப் பிரிவு. அவர்கள் எங்களைக் 'கதைப்பிரிவு' என்பார்கள். நாங்கள் அவர்களை 'அஞ்ஞானப் பிரிவு' என்போம். போன மாதம் அவளுடைய குழு எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீர் ஆய்வு செய்தது. தேயிலைக்கு மேலே ஒரு சின்னக் காடு இருக்கிறது. அதை வெட்டிவிட்டு ஃபெக்டரி விறகுக்கு யூகலிப்டஸ் நடுவதாகத் திட்டம். காட்டில் ஊற்று இருந்தால் விட்டுவிடுகிறேன் என்று துரை, அதாவது தோட்ட மனேஜர், சொல்லியிருந்தார்.

இவர்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நாற்பது வீடுகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'இத்தோட்டத்தில் நீரூற்றுகள் உள்ளனவா?' நாற்பது வீட்டிலும் ஒரே பதில்: ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அறிக்கை துரையிடம் போய்விட்டது. திங்கட்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது என்று வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பீலின்னு கேட்டிருக்கலாமேடி," என்றேன்.

"பீலின்னு எப்படிப்பா கேள்வித்தாள்ல எழுதுறது? சேர் புள்ளி குறைச்சிருவாரு."

மலையில் குழாய் வைத்து ஊற்றுத் தண்ணீரை விழவைக்கும் இடத்துக்குப் பெயர் பீலி. அது அவளுக்கும் தெரியும். ஆனால் பேனாவைத் திறந்தால் பாடப்புத்தகம்தான் வழிகிறது.

காலை 6.40க்கு மாத்தளையில் பஸ். டிக்கெட் 38 ரூபாய். எங்கள் கையில் பத்து லீட்டர் வாளி, நிறுத்தற்கடிகாரம், நான்கு வெற்றுப் போத்தல். யுத்த காலம், வழியில் செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் வாளியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். தண்ணீர் அளக்கப் போகிறோம் என்று பர்ஹானா சிங்களத்தில் சொன்னாள். உங்கள் வீட்டில் தண்ணீர் இல்லையா என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. பர்ஹானா என் காலை மிதித்தாள். பதினைந்து நிமிடம் அங்கே போயிற்று.

8.10க்கு இறங்கினோம். லயத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம், ஐம்பது நிமிடம். இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். நான் பூசவில்லை, மூன்று அட்டைகள் என்னுடன் நட்பாயின.

செல்லம்மா அக்கா பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவர்; போன மாதம் கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர்.

"இங்க நீரூற்று இல்லைன்னு சொன்னீங்களாமே அக்கா?"

"ஆமா. பங்களா முன்னால சிமெந்துத் தாமரைக்குள்ளருந்து தண்ணி பீச்சுமே, அதத்தானே கேட்டாங்க? அது ஒடைஞ்சு எவ்வளவு காலம்."

பர்ஹானா வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப இது என்னக்கா?"

"இது பீலி. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல."

அந்த லயத்துக்கு மூன்று பீலிகள். மூங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால் மூன்றும் அந்தக் காட்டுக்குள்தான் போய் முடிகின்றன. பர்ஹானா வாளி நிறையும் நேரத்தை ஒவ்வொரு பீலியிலும் ஐந்து தடவை அளந்தாள். முதலாவது 21 விநாடி, இரண்டாவது 34, மூன்றாவது 50. என் வேலை கதை கேட்பது. செல்லம்மா அக்கா கீழ்மலையில் 'பழைய பீலி' என்ற இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரில்லை. மேலே இருந்த காட்டை வெட்டி இரண்டு வெயில்காலம் போனதும் வற்றியதாம். நான்கு வீடுகளில் தனித்தனியாகக் கேட்டேன். நான்கிலும் அதையே சொன்னார்கள்.

ஒரு மணிக்கு ஒஃபிஸ் வாசலில் நின்றோம். பெரிய கிளாக்கர் எங்கள் செருப்புச் சேற்றைப் பார்த்து, திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்கட்கிழமை வந்தால் மரக்கட்டையோடுதான் பேச வேண்டும் என்றேன். துரை உள்ளே இருந்து எட்டிப் பார்த்து எங்களைக் கூப்பிட்டார்.

அவர் முதலில் இலக்கங்களைப் பார்த்தார். "இது இன்னைக்கு ஓடுது. மரம் வெட்டினாலும் ஓடும். நிக்கும்னு யாரு சொன்னா?"

பர்ஹானாவிடம் அதற்கு இலக்கம் இல்லை. நான் சுவரில் தொங்கிய தோட்டப் படத்தில் கீழ்மலையைத் தொட்டேன். "இந்த எடத்துக்குப் பேர் என்ன சேர்?"

"பழைய பீலி."

"தண்ணி எங்க சேர்?"

 அவர் கிளாக்கரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஆட்களை வேறு மலைக்கு அனுப்பச் சொன்னார். எங்களிடம், "ஒரு வருசம் வெட்ட மாட்டேன். மாசா மாசம் அளந்து கொண்டாங்க. ஒரு மாசம் வராட்டி மரம் போயிரும்," என்றார்.

 திரும்பும் பஸ்ஸில் பர்ஹானா, "இலக்கம் நான், பேரு நீ. ரெண்டும் ஒரே கொப்பியில எழுதுவோம்," என்றாள். ஓகஸ்டில் எங்களுக்குப் பரீட்சை. மாதா மாதம் போகப்போவதை இருவர் வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போவோம்.

போகிறவர்களுக்கு: கடைசி பஸ் 4.20. அடையாள அட்டையை மறக்காதீர்கள். கேள்வி கேட்பதானால், தண்ணீர் சுமக்கிறவர்களின் சொல்லில் கேளுங்கள். அந்தச் சொல் எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் அளக்கப் போகும் நாளான மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் யோசித்து வாருங்கள். அன்றைக்கு வந்தால் வாளி பிடிக்க வைப்போம்.