கடைசி வணக்கத்தின் வெளிச்சம்

அந்த நாடகக் குழுவில் முப்பத்தோரு வருடமாக லைட் போடுகிறவரை எல்லோரும் 'பல்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை.

மனைவி போய் ஒன்பது வருடம். ஒரே மகள் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேம்மா." அதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு, பாவம், அங்கே மழையா என்று கேட்பாள்.

அவருக்கு வேலையும் வீடும் ஒரே கட்டடம்தான். கீழே நூற்றிருபது நாற்காலி போட்ட ஹால், மேலே இரண்டு அறைகள். ஒன்றில் அவர், இன்னொன்றில் விருந்தாளி.

விருந்தாளி என்றால் சொந்தபந்தம் இல்லை. எழுதியதற்கோ பாடியதற்கோ சொந்த நாட்டில் தலைக்கு ஆபத்து வந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த கலைஞர்கள். இதுபோன்ற குழுக்கள் பல ஊர்களில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து, அவர்களுக்கென்று அறை ஒதுக்கி வைத்திருக்கின்றன. இங்கே அதற்குப் பொறுப்பு குழுவின் செயலாளர் அம்மா. அவர் போட்ட சட்டங்கள் மூன்று. விருந்தாளியின் பெயரைக் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, போகும்போது எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளக் கூடாது. "தெரியாததை யாராலயும் நம்மகிட்ட இருந்து பிடுங்க முடியாது" என்பார்.

பல்பு இதுவரை ஐந்து பேரை அப்படி அனுப்பியிருக்கிறார். ஜுரம் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்து, கெட்ட கனவில் அலறினால் கதவைத் தட்டி எழுப்பி, மாதக்கணக்கில் ஒட்டிப் பழகியிருப்பார். ஒருநாள் பார்த்தால் அறை காலியாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு கடிதம் கிடையாது, போன் கிடையாது. சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டம் போட்டவர் அந்தக் காலி அறைக்கு அடுத்த அறையில் படுப்பதில்லையே.

ஆறாவதாக வந்தவள் கார்ட்டூன் வரைகிறவள். அவளுடைய நாட்டுப் பெரிய மனிதர் ஒருவரின் மூக்கைக் கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டாள். பத்திரிகையை இழுத்து மூடினார்கள், அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். மூக்கு மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.

வந்து நான்கு மாதம் அவள் பென்சிலைத் தொடவில்லை, ஜன்னல் பக்கமும் போகவில்லை. இவர் வாசலில் வைக்கும் டீ அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். ஒருநாள் கதவைத் தட்டி, "பின்திரைக்குப் பெயின்ட் அடிக்க ஆளே கிடைக்கலம்மா, கொஞ்சம் கைகொடேன்" என்று பச்சைப் பொய் சொன்னார். அவள் இறங்கி வந்து திரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மரம் நிக்குதா, விழுதா? யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"அப்ப விழுதுன்னே வச்சுக்கலாம்" என்று பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருவரும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அவள் அவரை உருண்டைத் தலையும் நாலு முடியுமாகப் படம் போட்டாள். லைட் பெட்டியில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று அவர் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். மனுஷன் ஒன்பது வருடத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் முடிந்து நடிகர்கள் வணங்கியதும் மேடை இருளும். பிறகு ஸ்பாட் லைட் ஒன்று, திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள் மேல் ஒவ்வொருவராக விழும். தையல்காரர், மேளக்காரர், திரை வரைந்தவர் என்று அவரவருக்குத் தனியாகக் கைத்தட்டல் கிடைக்கும். முப்பத்தோரு வருடமாக அதைச் செய்கிற கை, மூளையைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

புது நாடகம் அரங்கேறிய மாலை ஹால் நிரம்பி வழிந்தது. தையல்காரரை விட்டு லைட் ஓரத் திரைப் பக்கம் திரும்பியது. அங்கே பெயின்ட் கறைபட்ட சட்டையோடு அவள் நின்றாள். ஹாலே எழுந்து கைதட்டியது. பல்புக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு போன் உயர்ந்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. அணைத்துவிட்டார், ஆனாலும் அந்தப் போனில் மூன்று விநாடி பதிவாகியிருந்தது.

காதும் காதும் வைத்தாற்போல் பதினோரு மாதம் காத்த ரகசியம், 'யார் இந்த ஓவியர்?' என்ற பாராட்டோடு போன் போனாக ஊரெல்லாம் சுற்றியது. நான்காம் நாள், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் அவளுடைய நாட்டில் அவள் தம்பியின் கடைக்குப் போனார்கள்.

"நாளைக்கு மூணு மணிக்கு வண்டி வருது" என்றார் செயலாளர் அம்மா. பல்பு அவர் பின்னாலேயே போனார்.

"ரெண்டு திட்டாவது திட்டித் தொலைங்கம்மா."

"திட்டினா உங்களுக்கு ஆறிடும். எனக்கு வேலை இருக்கு."

மறுநாள் மதியம் அவள் ஒரு பையோடு ஹாலுக்கு இறங்கி வந்தாள். அவர் முன்வரிசையில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்.

"பாவி நானே உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன்."

"இல்லண்ணே. லைட் என் பக்கம் திரும்பினதைப் பார்த்தேன். ரெண்டு அடி பின்னால வச்சிருந்தா திரைக்குள்ள போயிருப்பேன். வைக்கல."

"ஏம்மா?"

"பதினோரு மாசமா நான் யாருமில்ல. அந்தக் கைத்தட்டல் எனக்குத்தான்னு தெரிஞ்சதும் கால் நகரல. இப்ப தம்பி கடையை உடைச்சிருக்காங்க. அவன் தப்பிச்சு எங்கேயோ ஒளிஞ்சிருக்கான். இது உங்க பாவம் மட்டும் இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல யாருண்ணே லைட் போடுவா?"

"போடுறவன் மேல போட இன்னொரு ஆள் வேணும். நான் என்ன ரெண்டு பேரா?"

"மேடையில போய் நடுவுல நில்லுங்க."

"நேரமாச்சும்மா…"

"நில்லுங்கன்னா நில்லுங்க."

அவள் லைட் பெட்டிக்கு ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. பொத்தான் அறுந்த சட்டையோடு அவர் நடுமேடையில் நின்றார். வெளிச்சம் வந்து மேலே விழுந்தது. வெளிச்சத்துக்குள் நிற்பவனுக்கு எதிரே ஒன்றுமே தெரியாது என்பது முப்பத்தோரு வருடத்தில் அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. இருட்டிலிருந்து ஒரே ஒருத்தி கைதட்டினாள். இத்தனை நாள் மேலிருந்து பார்த்ததை வைத்து அவரும் குனிந்து வணங்கினார். தட்டல் வெகுநேரம் கேட்டது, பிறகு நின்றது.

"போதும்மா, கண்ணு கூசுது. அணைச்சிட்டு இறங்கி வா."

தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓடினால் வண்டியின் நிறமாவது தெரியும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் தெரிந்துவிடும். அவர் ஓடவில்லை. வண்டிச் சத்தம் முழுதாக அடங்கும்வரை அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நின்று அழுதார்.

பிறகு, அணைக்க வேறு ஆள் இல்லாததால், அவரே ஏணி ஏறிப் போய் அணைத்தார்.