பார்க்காமல் தட்டிய கை

என் நண்பன் முருகேசன் மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவனை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என் சோம்பேறித்தனம். அதை மூடி மறைத்தது என் வாய். எல்லாரும் அவனைத்தான் குறை சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட எனக்கு ஆண்டவர் இரங்கிய கதையை, கோயிலில் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் சேவியர். கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை எட்டரைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவன் என்றால் நம் பங்குக் கோயிலில் பலருக்குத் தெரியும். மற்றபடி எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, மலைச் சைக்கிள். பட்டை டயர், முன்னால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், ஹெல்மெட், முழங்காலுக்கு உறை என்று எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினால் என் மனைவி, "போருக்குப் போறாராக்கும்" என்பாள். கூட்டாளிகள் இரண்டு பேர். முருகேசன் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வியாபாரி. ஜாகிர் பாய் பேகம்பூரில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு விடிந்ததும் பாயின் பழைய வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சாணார்பட்டிப் பக்கம் போய், தோட்டங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் ஓட்டிவிட்டு, நான் பூசைக்குத் திரும்பிவிடுவேன்.

முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் மூன்று சைக்கிளும் வேனுக்குள் அடங்கும். இறங்கியதும் மறுபடி மாட்ட வேண்டும். சக்கரத்தின் நடுவில் ஒரு லீவர் இருக்கிறது. அதை மடக்கி இறுக்கினால்தான் சக்கரம் நிற்கும். மடக்காவிட்டாலும் பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும், ஓட்டவும் செய்யலாம், முதல் பள்ளம் வரைக்கும்.

அதனால் பாய் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். அவரவர் வண்டியை அவரவர் பார்க்கக் கூடாது. மாட்டியவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாதாம். ஒருவன் மாட்டினால் இன்னொருவன் குனிந்து லீவர், பிரேக், செயின் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் சீட்டின் மேல் இரண்டு தட்டு. அந்தத் தட்டு விழாமல் யாரும் ஏறக் கூடாது. பாயின் வண்டியை முருகேசன் பார்ப்பான், என் வண்டியை பாய் பார்ப்பார், முருகேசன் வண்டியை நான் பார்க்க வேண்டும்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. முருகேசன் மார்க்கெட்டிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. பூசைக்குப் பிந்திவிடுவோமோ என்று எனக்குக் கடுகடுப்பு. போதாக்குறைக்கு அன்றைய வாசகத்தில் ஓர் ஊர்ப் பெயர் நாக்கில் புரளவே இல்லை. செல்போனில் அதை வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முருகேசன் சக்கரத்தை மாட்டும்போது ஏதோ மல்லிகைப் பூ விஷயமாக அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே மாட்டினான். பேசிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

நான் குனியவில்லை. கண் செல்போனில் இருந்தது. கையை மட்டும் நீட்டி அவன் சீட்டை இரண்டு தட்டுத் தட்டினேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. குளத்துக்கரையிலிருந்து இறங்கும் சரிவில் ஒரு பாறைப்படி வரும். எங்கள் மூவருக்கும் பிடித்த இடம். முருகேசன் முன்னால் போனான். படியில் வண்டியைத் தூக்கினான். வண்டி எழும்பியது, சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று கடலைக் கொல்லைக்குள் உருண்டு போனது. சக்கரமில்லாத முன்பக்கம் அப்படியே தரையில் குத்த, அவன் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தலைகுப்புற விழுந்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. காதிலிருந்து ரத்தம். கூப்பிட்டுப் பார்த்தோம், அசைவே இல்லை.

நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது பாய் கொல்லைக்குள் போய் அந்தச் சக்கரத்தை எடுத்து வந்தார்.

"லீவர் தொறந்து கெடக்கு வாத்தியாரே. நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் பாய். இறுக்கமாத்தான் இருந்துச்சு. விழுந்ததுல தொறந்திருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை. இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முருகேசன் தலை என் மடியில் கிடந்த அந்த நேரத்திலும், எட்டரைப் பூசைக்கு இனி யார் வாசகம் வாசிப்பார்கள் என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. என் லட்சணம் அதுதான்.

மூளையில் ரத்தக்கசிவு, கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, விலா எலும்பு மூன்று போச்சு. இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அடுத்த நாளிலிருந்து பள்ளி விட்டதும் மதுரைக்கு பஸ் ஏறினேன். முருகேசன் மனைவி வள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அது எனக்குச் செருப்பால் அடிப்பது போல இருக்கும்.

"போனு பேசிக்கிட்டே மாட்டுனாராம்ல சார். பாய் அண்ணன் சொன்னாரு. எம்புட்டுத் தடவ சொல்லிருப்பேன், அந்தப் போன செத்த நேரம் கீழ வையிய்யான்னு. அவரா இழுத்துவிட்டுக்கிட்டதுக்கு நீங்க பாவம், ஸ்கூலு விட்டு இம்புட்டுத் தூரம் அலையிறீக" என்றாள். பிறகு, "நீங்க கோயில்ல வேதம் வாசிக்கிறவுக. உங்க சாமிகிட்ட எங்களுக்காகச் சொல்லுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் "கட்டாயம் சொல்றேன் தங்கச்சி" என்றேன். வேறென்ன சொல்ல!

ஜெபிக்கத்தான் செய்தேன். மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சின்ன ஜெப அறை இருந்தது. முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பேரம் பேசினேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றேன். மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். சைக்கிளை இனி தொடமாட்டேன் என்றேன். திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு நாளும் நேர்ச்சை ஏறிக்கொண்டே போனது. ஜெபமோ கூரையைத் தாண்டவில்லை. என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒன்றை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். யாரிடம் ஒளிக்கிறேன்?

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மத்தியானம். ஜெப அறையில் நான் மட்டும்தான். அன்று முதன்முறையாக நேர்ச்சை எதுவும் பேசவில்லை. "ஆண்டவரே, நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். இதை வள்ளியிடம் சொல்ல எனக்கு வாய் தாரும். முருகேசன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அவன் பிழைத்த பிறகு சொன்னால் அது எனக்குச் சுலபமாகிவிடும்" என்று அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தேன். கால் வராந்தாவை நோக்கி நடந்தது. அந்த நடையே எனக்குக் கிடைத்த முதல் பதில் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வராந்தாவில் பாயும் இருந்தார். வள்ளிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, முருகேசன் மேல தப்பில்ல. அவன் வண்டிய நான்தான் பாக்கணும். நான் குனிஞ்சுகூடப் பாக்கல. பாக்காமலே சீட்டத் தட்டுனேன். அந்தத் தட்ட நம்பித்தான் அவன் ஏறுனான். பாய் கேட்டப்போ பாத்தேன்னு பொய் சொன்னேன்."

 வள்ளி என்னை நேராகப் பார்த்தாள்.

"நாலு நாளா அவரத்தானே சார் வைஞ்சுக்கிட்டு இருக்கேன். உசுருக்குப் போராடுற மனுசன வாய்க்கு வந்தபடி வைஞ்சேனே. நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீக?" என்றாள். பிறகு, "எந்திரிங்க. இனி இங்க வராதீக. போங்க" என்றாள்.

பாய் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அன்னிக்கே நான் கேட்டேன்ல வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமையும் போனேன். உள்ளே போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். ஆச்சரியம், அன்றைக்கு ஜெபம் தடைபடவே இல்லை. அவமானத்தில் காது சுட்டுக்கொண்டிருந்தது, ஆனாலும் அப்பா மடியில் விழுந்து அழுகிற பிள்ளைபோல ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். முருகேசனைத் தாரும்.

சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. போன் அடித்தது. பாய்தான். இரண்டு நாளுக்கு முன் வராந்தாவில் பேசிய குரல் இல்லை.

"வாத்தியாரே, கண்ண முழிச்சுட்டான். தண்ணி கேட்டான்."

நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். நான் உண்மையைச் சொன்னதால்தான் அவன் கண் விழித்தான் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை. ஆண்டவர் கடை வைத்திருக்கவில்லை. முருகேசனைக் காப்பாற்றியது அவருடைய இரக்கம். அந்த இரக்கத்தைத் தலைநிமிர்ந்து வாங்கிக்கொள்ள என்னையும் தயார்படுத்தினாரே, அதுதான் எனக்குச் செய்த அற்புதம்.

வீடு திரும்பிய பிறகு முருகேசன் என்னை வரச் சொன்னான். அன்று காலை நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. வள்ளிதான் எல்லாம் சொல்லியிருந்தாள். மெதுவாகப் பேசினான். "போன வச்சுட்டு மாட்டிருக்கணும் வாத்தியாரே, என் பக்கமும் தப்பு இருக்கு. நீங்க பாக்காம விட்டதுகூடப் போகட்டும். என்னயத் தப்பானவனாக்கிட்டு நின்னீகளே, அதுதான் வலிக்குது." சமாதானம் சொல்ல வாயெடுக்கவில்லை. ஆமாம் என்றேன். அவன் இடது கை இன்றும் தோளுக்கு மேலே ஏறாது. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் எனக்கு உள்ளே ஏதோ அறுபடும். அவனிடம் மன்னிப்பு கிடைத்துவிட்டது, குற்ற உணர்வு முழுக்கப் போகவில்லை. போக வேண்டாம் என்றே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டுப்பாட நோட்டுகளை ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். பார்க்காமலே டிக் அடித்துத் தள்ளிய கைதானே அன்று சீட்டையும் தட்டியது! வாசகம் வாசிப்பதையும் பல மாதம் விட்டிருந்தேன். பங்குச்சாமி மறுபடி கூப்பிட்டபோதுதான் போனேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் ஜெபமும் கூரையில் முட்டி நிற்கிறதா? புது நேர்ச்சை தேடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் மறைத்திருப்பதை எடுத்து ஆண்டவர் முன்னால் வையுங்கள், பிறகு உரியவர் முன்னாலும் வையுங்கள். ஆண்டவர் கைவிட மாட்டார். கைவிடாததற்கு நான் சாட்சி.

கடைசியாக ஒன்று. சில வாரங்களுக்கு முன் முருகேசன் மறுபடி சைக்கிள் ஏறினான், என்னையும் கூப்பிட்டிருந்தான். வள்ளியும் வேனில் வந்தாள். முருகேசன் சக்கரத்தை மாட்டியதும் பாய் பார்க்கக் குனிந்தார். வள்ளி தடுத்தாள். "அண்ணே, நீங்க இருங்க. சார் பாக்கட்டும்."

நான் செம்மண்ணில் முழங்கால் போட்டேன். லீவரை இழுத்துப் பார்த்தேன். பிரேக், செயின், மறுபடி லீவர். மூன்று தடவை. எழுந்து நின்றேன், ஆனால் கை சீட்டில் விழவில்லை. சீட்டுக்கு மேலே அப்படியே நின்றது. முருகேசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

வள்ளி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தட்டுங்க சார்" என்றாள்.