மரியதாஸ் மாமாவிடம் தங்கிப்போன பதில்

மரியதாஸ் மாமா போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில், ரயில் மாறும் படிக்கட்டில் வந்தது. அவருடைய மனைவி ரெஜினா மாமிதான் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, மாமா காலமை எழும்பேல்லை" என்றார். அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார். வேலைக்குப் போகிற சனம் என்னை இடித்துக்கொண்டு இறங்கியது. நான் அலுவலகத்துக்குப் போகாமல் வெளியே வந்து, எங்கடை தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு நடந்தேன். அவருடைய கடை கைமாறிப் பல காலம். இப்போது அங்கே கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். இருந்தும் அந்த வாசலில்தான் போய் நின்றேன்.

உங்களுக்கெல்லாம் அவர் மரியதாஸ் அண்ணை. உங்களில் பலர் அவரிடம் மரக்கறி வாங்கியிருப்பீர்கள். வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்ததற்காகப் பேச்சும் வாங்கியிருப்பீர்கள். "முறிச்சதெல்லாத்தையும் உங்கடை பையுக்குள்ளை போடுங்கோ, முறியாததை நான் வைச்சிருக்கிறன்" என்பார். மன்னார்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். செத்தவீட்டில் எல்லாரும் அவரைத் தங்கமான மனுசன் என்றார்கள். கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கோபக்காரர், பிடிவாதக்காரர், எங்கள் வீட்டுக்குப் பெரிய பிழை ஒன்றைச் செய்தவர். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

போர் நடந்த காலத்தில் வன்னியில் இருந்த போராளிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவருடைய கடைக்குத்தான் வரும். கொழும்பிலிருந்து வருகிற யாரோ ஒருவரின் பெட்டிக்குள், மிளகாய்த்தூள் பொதிகளுக்கு நடுவில் இருக்கும். உறை இல்லை, முகவரி இல்லை, திகதிகூட இல்லை. மடித்து ஒட்டிய தாளின் வெளியே 'அம்மா, பிரான்ஸ்' என்று இருக்கும். அதன் கீழே, எழுதியவருக்கு இயக்கத்தில் வைத்த பெயர். எந்தப் பெயர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை மாமா மனத்தில்தான் வைத்திருந்தார். எழுதி வைத்தால் அது யார் கையிலாவது அகப்பட்டு, அங்கே ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று பயம். கடையில் வைத்து ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் ரயில் பிடித்து வீடு வீடாகப் போவார். "கடிதத்தை நிண்டுகொண்டு குடுக்கப்படாது. அவை வாசிச்சு முடிக்குமட்டும் பக்கத்திலை இருக்கவேணும்" என்பது அவருடைய சட்டம்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் வரவேயில்லை. அண்ணா ரஞ்சனை ஊரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் முதலில் இங்கே வந்தோம். பத்திரங்கள் சரிவந்ததும் அவனைக் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் அவன் ஒருவருக்கும் சொல்லாமல் இயக்கத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நாங்கள் இருந்த லா கூர்னெவ்விலிருந்து லா சப்பலுக்கு வருவார். எனக்கு அப்போது காது வடியும். எந்நேரமும் காதில் பஞ்சு இருக்கும். "பஞ்சுக்காது வந்திட்டா" என்று மாமா பகிடி பண்ணி ஒரு இனிப்புத் தருவார். அம்மா மரக்கறி தெரிந்தெடுப்பதுபோல நின்று, கடையில் ஆட்கள் குறைந்ததும் கேட்பார்.

"ரஞ்சனிட்டையிருந்து ஏதும் வந்ததே தம்பி?"

"இல்லை அக்கா."

அம்மா காய்களை நிறுத்து வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நடப்பார்.

உண்மையில் கடிதம் வந்திருந்தது. 'அருள்மாறன்' என்ற பெயரில் வந்திருந்தது. மாமாவுக்குத் தெரிந்த அருள்மாறன், சார்செல்லில் இருந்த பரமேஸ்வரி அக்காவின் மகன். அவன் கடலில் இறந்துவிட்டதாக முன்பே செய்தி வந்திருந்தது, உடல் வரவில்லை. இறந்தவன் பெயரில் கடிதத்தைக் கண்டதும் மாமா ஞாயிறு வரை பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு சார்செல்லுக்கு ஓடினார். பரமேஸ்வரி அக்கா வாசித்து முடித்து, எழுந்து போய், மகனின் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாராம். எழுத்து வேறு மாதிரி இருந்ததற்கும் மாமாவே காரணம் சொன்னார். "கையிலை காயம் பட்டிருக்கும் அக்கா."

சில மாதங்களில் இரண்டாவது கடிதமும் அதே பெயரில் வந்தது, அதே வீட்டுக்குப் போனது. அதன் பிறகுதான் வன்னியிலிருந்து வந்த ஒருவர் சொல்லி விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவன் விழுந்தால் அவனுடைய பெயரைப் புதிதாக வருகிறவனுக்கு வைப்பது அங்கே வழக்கம். இறந்தவனுக்கு அது மரியாதை. மாமா மறுபடி சார்செல்லுக்குப் போனார். பரமேஸ்வரி அக்கா சொன்னதை மாமா பிறகு எங்கள் வீட்டில் அப்படியே சொன்னார்.

"எனக்கு முதல் கடிதத்திலையே தெரியும் தம்பி. என்ரை பிள்ளை என்னை அம்மா எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என்ரை தம்பிமாரோடை வளந்தவன், அவங்களைப் பாத்து அக்கா எண்டுதான் கூப்பிடுவான்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"ஆரோ ஒரு பிள்ளை உயிரோடை இருந்து அம்மா எண்டு எழுதுது. எனக்குக் குடுக்க மனம் வரேல்லை."

மாமா அவரை ஏசிவிட்டாராம். "இஞ்சை இன்னொரு தாய் பாத்துக்கொண்டிருக்குமெண்டு யோசிக்கேல்லையோ?" என்று கேட்டு, இரண்டு கடிதங்களையும் வாங்கிக்கொண்டு ரயிலேறினார். பிறர் கடிதத்தை அவர் வாசிப்பதில்லை. அன்று வாசித்தார். இரண்டாவதில் ஒரு வரி இருந்தது: 'தங்கச்சிக்கு இப்பவும் காது வடியுதோ?'

கடைக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. கடிதங்களை மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். அம்மா வாசித்தார். முதல் கடிதத்தில் அண்ணா, 'சொல்லாமல் வந்தது பிழைதான் அம்மா, மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வரி எழுதுங்கோ' என்று கேட்டிருந்தான். இரண்டாவதில், 'பதில் வரேல்லை. இன்னும் கோபமோ?' என்று இருந்தது.

"ஒவ்வொரு சனியும் கேட்டனான் தம்பி" என்றார் அம்மா.

"ஓம் அக்கா. கேட்டனீங்கள்."

வேறு ஒரு சமாதானமும் அவர் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் திருப்பி வைத்தவர்கள் மேலோ பரமேஸ்வரி அக்கா மேலோ பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் பெரியது. அவரை மதிக்கத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

அம்மா அப்போதே பதில் எழுதி, ஒட்டி, அவரிடம் கொடுத்தார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அந்தப் பதில் போகவில்லை. வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். கொண்டுபோக ஒருவரும் அகப்படவில்லை. பிறகு சண்டை இறுகியது, முடிந்தது. அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும் மாமா கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். அண்ணாவின் படத்தோடும் அம்மாவின் பதிலோடும் வன்னியெல்லாம் திரிந்தார். இராணுவத்தின் தடுப்பு முகாம்களிலிருந்து விடுபட்டவர்களைத் தேடித்தேடிக் கேட்டார். காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் போராட்டம் இருந்த தாய்மாரிடமும் கேட்டார். திரும்பி வந்து கடிதத்தை அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"காணேல்லை அக்கா."

அம்மா அதைத் தொடவில்லை. "அது அவனுக்கு எழுதினது. அவனைக் கண்டாக் குடுங்கோ" என்றார்.

மாமா அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அம்மா அவரைத் தண்டித்தாரா, அல்லது நம்பினாரா, இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இருதயம் பழுதென்று டொக்டர் மறித்த பிறகும் அவர் ஊருக்குத் திரும்பத் திரும்பத் தேடிப் போனார். "கால் நடக்குமட்டும் போகத்தான் வேணும் பிள்ளை, நான் அக்காவிட்டைக் கைநீட்டி வாங்கின கடிதம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ரெஜினா மாமி அதற்காக எங்கள்மேல் கோபமாக இருந்தார். அவருடைய கோபம் நியாயமானது.

அடக்கம் முடிந்த பிறகு மாமி எங்களிடம் வந்து அந்தக் கடிதத்தை நீட்டினார். "அவரின்ரை சட்டைக்குள்ளை இருந்தது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இதை இனி வீட்டிலை வைச்சிருக்க ஏலாது" என்றார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. நான் வாங்கி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கையை நீட்டவில்லை.

"இது நான் அனுப்பின கடிதம். திரும்பி என்னட்டை வந்தா ஆள் இல்லையெண்டுதான் அர்த்தம். நீ வைச்சிரு."

மரியதாஸ் மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.