சிலுவையம்மாள் கேட்டு வாங்கிய ரோடு

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இப்படியும் ஒரு வழக்கு தோற்குமா?

ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு சிலுவையம்மாள் அக்காவுக்குச் சொத்து என்றால் ஓர் அறை வீடும் அதன் மொட்டை மாடியும்தான். காசிமேட்டில் நெத்திலி எடுத்து வந்து மாடியில் காயவைத்து விற்பார். வீட்டுக்காரர் போனபிறகு பிள்ளைகளை அந்த வெயில்தான் வளர்த்தது.

பக்கத்தில் ஒரு கட்டடக்காரர் அடுக்குமாடி எழுப்பினார். மேல்தளம் ஏறியதும் அக்காவின் மாடியில் மத்தியானமே நிழல். நெத்திலி காயாமல் நாறியது. எங்களுடையது பழைய மாதா கோயில் தெரு. இங்கே குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது. அக்கா கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

"தெருவுலேர்ந்து அளந்துட்டேன். ஒரு அடி அதிகம்," என்றார் வக்கீல் அன்புக்கரசி. "கோர்ட் அனுப்புற அதிகாரியும் அதையே சொல்லிட்டா, மேல்தளத்தை இடிச்சே ஆகணும்."

வாய்தா மேல் வாய்தா. நடுவில் மழை வந்தது, தெருவில் முட்டியளவு சாக்கடை. ரோட்டை உயர்த்தித் தரச் சொல்லி எல்லோரும் மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து அக்காவுடையது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுசு போடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வேலை நடந்த அன்று அக்கா எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

"நைனா, கஞ்சத்தனம் பண்ணாத. நல்லா ஏத்திப் போடு. ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது!"

நாங்கள் கைதட்டினோம். முட்டாள்கள்!

அப்புறம்தான் அதிகாரி வந்தார். டேப்பின் நுனியைப் புது ரோட்டில் வைத்து உச்சிவரை அளந்தார். "அளவுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

அக்கா டேப்பை எட்டிப் பார்த்தார். "இன்னா சார் சொல்ற? ஒரு அடி ஜாஸ்தின்னாங்களே! கட்டடம் இன்னா சுருங்கிப்பூட்ச்சா?"

"கட்டடம் அப்படியேதாம்மா இருக்கு. ரோடு ஏறிடுச்சு. கணக்கு ரோட்டுலேர்ந்துதான்."

கோர்ட்டில் வக்கீல் எவ்வளவோ வாதாடினார். ரோடு நேற்றுப் போட்டது என்றார். எதிர்த்தரப்பு எங்கள் மனுவை எடுத்து நீட்டியது. ரோட்டை உயர்த்தச் சொன்னதே இந்த அம்மாதான், ஐயா! வழக்கு தள்ளுபடி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அக்கா டீயும் பன்னும் சேர்த்துக் கொடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோட்டைவிடத் தாழ்ந்துபோன வீட்டுக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காயாத நெத்திலி கட்டில் மேல் இருந்தது. அக்கா வாளியால் தண்ணீரை இறைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா, ரோட்டுல ஒரு சொட்டு நிக்கல," என்றார். "அல்லாம் என் வூட்டுல கீது."