மேட்டுக்குப் போன லயன்

ஈப்போ நகரத்தை ஒட்டிய சிலிபினில் ரயில்வே கூலிகளின் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பரந்த வெளி இருந்தது. ரயில்வே அலுவலகம் அதைக் காலி நிலம் என்றது. செல்லாயி அதைப் புல் என்றாள். இரண்டும் உண்மைதான். தகராறுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

செல்லாயி செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்தவள். கணவன் மாயாண்டிக்கு ரயில் பாதை போடும் கூட்டத்தில் வேலை கிடைத்ததும் ஈப்போவுக்கு வந்து மாட்டுப் பாலுக்கு மாறினாள். அவளிடம் ஒன்பது மாடுகள். ரயில் என்றால் அவளுக்கு உயிர். கோலா கங்சாரில் சொந்தமோ வேலையோ கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வண்டியேறிப் போவாள், இறங்கி நிற்பாள், அடுத்த வண்டியில் திரும்புவாள். ரயில்வேயை எதிர்த்து மனுப் போட அந்த வரிசையில் அவளைப்போலப் பொருத்தமில்லாத ஆள் இல்லை.

1924இல் நகரத்து நடுவில் சரக்கு வண்டிகள் நிற்கும் யார்டை வெளியே கொண்டுபோகப் போவதாகச் செய்தி வந்தது. வெளியே என்றால் செல்லாயியின் புல். புல் போனால் மாடுகளை விற்றாக வேண்டும்.

"ரயில்வே சோத்தத் தின்னுட்டு ரயில்வேக்கு எதிரா பேசலாமா?" என்றான் மாயாண்டி.

"நீதான் ரயில்வே சோறு. நான் மாட்டுச் சோறு," என்றாள். "வேணாம்னு சொன்னா துரைக்குக் காது கேக்காது. இங்க வேணாம், அங்க போடுன்னு சொன்னாத்தான் கேக்கும்."

அந்த 'அங்க' எது என்று தேடுவதில் மூன்று வாரம் போனது. அரை மைல் தள்ளி, மூடிப்போன ஈயச் சுரங்கத்துக்காரர்கள் மண்ணை அலசிக் கொட்டிய மணல்மேடு ஒன்று கிடந்தது. அகலமானது, தட்டையானது; ஒரு புல்கூட முளைக்காதது. செல்லாயி ஒன்பது மாடுகளையும் அதன்மேல் ஓட்டினாள். மழை பெய்து ஓய்ந்ததும் மறுபடி ஓட்டினாள். வழியில் பார்த்த அடுத்த வீட்டு வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"புல்லே இல்லாத எடத்துல மேய்க்கிறியே அக்கா, வெயில் தலைக்கு ஏறிருச்சா?"

"மேய்க்கலடி. மண்ணு தாங்குதான்னு பாக்குறேன். மாடு பொதையாத எடத்துல ரயிலும் பொதையாதுலா."

மனு எழுதும் பொறுப்பு அலெக்சாண்டருக்கு வந்தது. சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அந்த வரிசையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள். அவனுடைய ஒழுக்கமே பிற்பாடு வினையாயிற்று. செல்லாயி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினான்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு வீட்டு வரிசையும் லயன், யார்டில் போடும் ரயில் பாதையும் லயன். எந்த லயனில் சோறு பொங்கும், எந்த லயனில் வண்டி ஓடும் என்று யாரும் குழம்பியதில்லை. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் அதே சொல்தான். ஆகவே மனு இப்படி அமைந்தது: லயனில் குடியிருக்கும் நாங்கள் வேண்டிக்கொள்வது, லயனை மணல்மேட்டுக்கு மாற்ற வேண்டும். கீழே நாற்பது கைநாட்டு.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. வீரம்மா வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். மறுவாரம் சர்வேயர் நவமணி சங்கிலியோடு வந்து செல்லாயியின் வாசலை அளந்தார்.

"என் வீட்ட எதுக்குய்யா அளக்குறீங்க?"

"லயனை மாத்தச் சொன்னது நீங்கதானேம்மா."

"அது ஓடுற லயன். இது உக்காந்திருக்கிற லயன்."

நவமணி சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மனுக்களில் எத்தனையோ பிழை பார்த்தவர். பிழையே இல்லாமல் தப்பாகிப்போன மனுவை அன்றுதான் பார்த்தார். மேடு உறுதி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"மாடு சொல்லுச்சு."

அவருக்கு ஆவல் வந்துவிட்டது. இரும்புக் கம்பியோடு அவள் பின்னால் மேட்டுக்கு நடந்தார். கம்பி ஒரு சாண்கூட இறங்கவில்லை.

"சரி, உங்க புல்லைப் பத்தி மாடு என்ன சொல்லுது?"

செல்லாயி கொஞ்சம் தயங்கினாள். "நடுவுக்குப் போகாது. ஓரமாத்தான் மேயும்."

திரும்பி வந்து வெளியின் நடுப்பக்கம் கம்பியைக் குத்தினார். அது கைப்பிடிவரை இறங்கியது. சுரங்கம் நடந்த காலத்தில் வந்து தேங்கிய சேறு, மேலே பச்சைப் போர்வை. கம்பியைப் பிடுங்க மாயாண்டியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"இதை ஏம்மா மனுவுல எழுதல? இது ஒண்ணே போதுமே."

"என் புல்ல நானே குறை சொல்லுவேனா?"

நவமணியின் அறிக்கை மேலே போனது. யார்டு மணல்மேட்டுக்கு என்று முடிவாயிற்று. ஆனால் வீட்டு வரிசையை மாற்றும் உத்தரவு ரத்தாகவில்லை. ரத்து செய்வதென்றால் முதலில் ஏன் ஒப்புக்கொண்டோம் என்று யாராவது எழுதியாக வேண்டும். எழுத ஆள் அகப்படவில்லை. ஆகவே ஓடுகிற லயன், உட்கார்ந்திருக்கிற லயன் இரண்டுமே மேட்டுக்குப் போவதாயிற்று.

சாமான் ஏற்ற மாட்டுவண்டிகள் வந்தன. கரிப்புகையில் இனி துணி எப்படிக் காயும் என்று வீரம்மா பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டாள். அலெக்சாண்டர் செல்லாயியின் முன்னால் தலை குனிந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. இன்னொரு மனு எழுதட்டா? இந்தத் தடவை வெளக்கமா எழுதுறேன்."

"வேணாம் தம்பி. புல்லு அங்கயே நிக்குது. நீ இன்னொன்னு எழுதினா அதையும் பேத்து எடுத்து மேட்டுல வச்சிருவாங்க."

பாத்திரங்களை வண்டியில் ஏற்ற மாயாண்டியிடம் சொல்லிவிட்டு, மாடுகளை அவிழ்த்துப் புல்வெளியின் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.