பெண்கள் மட்டும் நின்றால் நிற்காத பஸ்: கார் இல்லாமல் இரும்பை, வானூர், திருவக்கரை

கார் இல்லாமல் ஒரே நாளில் மூன்று ஊர் சுற்ற முடியுமா என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். போய் வந்து நான்கு நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

கார் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் நடந்த கார் விபத்தில் என் அமுதா அக்காவின் கணவர் போய்விட்டார். பின் சீட்டில் இருந்த அக்காவுக்குக் கையில் கீறலோடு சரி. அதற்குப் பிறகு அவள் காரில் ஏறவில்லை. வாசல் தாண்டுவதே அபூர்வம். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்கவே இல்லை. "ஒரே ஒரு நாள் வாக்கா. கார் கிடையாது, அந்த ரோடும் கிடையாது" என்று சத்தியம் பண்ணித்தான் போன சனிக்கிழமை அவளைக் கிளப்பினேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஹைவே பஸ் வேண்டாம் என்று காலை 6.50 பாசஞ்சர் ரயிலில் போனோம். ஆளுக்குப் பத்து ரூபாய். 7.45க்குத் திண்டிவனம். அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஆளுக்கு முப்பது ரூபாய் கொடுத்துத் திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் இறங்கினோம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் போய்ச் சேர்ந்தபோது மணி 9.20. அக்கா பிரகாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, "பசிக்குதுடி" என்றாள். அவளாகவே வாய்விட்டுச் சாப்பாடு கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை.

டவுன் பஸ் பிடித்து வானூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு, 12.15 டவுன் பஸ்ஸில் திருவக்கரை. இரண்டுமே மகளிருக்குக் கட்டணமில்லாத பஸ், அதனால் செலவே இல்லை. கோயில் நடை சாத்தியிருந்ததால், கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போனோம். அக்கா அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தின்றுகொண்டே ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் திருவக்கரை என்றாலே கோயிலில் பௌர்ணமி தரிசனம்தான். நானும் பத்துத் தடவையாவது வந்திருக்கிறேன், பத்தும் பௌர்ணமி. அன்றைக்குத் தனி பஸ் விடுவார்கள், ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். திரும்பும் பஸ் நேரத்தை விசாரிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நிறுத்தத்தில் இருந்த டீக்கடை அம்மா சிரித்தார்.

"இன்னிக்கி பௌர்ணமியா இன்னா? மூணு பத்துக்குத் திண்டிவனம் வண்டி ஒண்ணு வரும். அத்த உட்டா நாலே முக்காலுக்கு விழுப்புரம் வண்டி தாங்க."

மூன்று பத்து வண்டியைப் பிடித்தால்தான் திண்டிவனத்தில் ஐந்து மணி ரயில் கிடைக்கும். விட்டால் விழுப்புரம் வண்டி, அது கூட்டேரிப்பட்டு வழியாக ஹைவேயில் போகும். வண்டி 3.20க்கு வந்தது. கை காட்டினோம். டிரைவர் எங்களை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே பாதி சீட்டு காலி.

"நீங்க ரெண்டு பேரும் பொம்பளைங்களாச்சே, அதான்" என்றார் டீக்கடை அம்மா. "ஓசி டிக்கெட்டுன்னு நிறுத்த மாட்டேன்றான். நாங்க யாராச்சும் ஆம்பளைய முன்னால நிக்க வச்சிக்கினு தான் கை காட்டுவோம். இல்லன்னா பேஜாரு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார் வீட்டுக் காசில் ஓசி? பஸ்ஸை நிறுத்த ஓர் ஆம்பிளையை வாடகைக்கா பிடிக்க வேண்டும்? இதையே ஊர் வழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள், கேட்பதற்கு ஒரு நாதியில்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. குடும்பத்தோடு வந்தவர்கள், நல்ல மனிதர்கள்தான். "ஏறுங்கக்கா, திண்டிவனத்துல உட்டுர்றோம். ஜல்தியா போயிடலாம்" என்றார் ஓட்டியவர். ரயிலைப் பிடித்துவிடலாமே என்று என் கை தன்னால் கதவுக்குப் போய்விட்டது. அக்கா அதைப் பார்த்தாள்.

"நீ போடி. நான் நடந்துக்கினே வர்றேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காரை அனுப்பிவிட்டேன். அக்கா காலையில் இருந்த அக்கா இல்லை, பழையபடி மரம் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

4.50க்கு விழுப்புரம் வண்டி திருப்பத்தில் தெரிந்தது. டீக்கடை அம்மா கடையில் இருந்த ஒரு பெரியவரை, "செத்த வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டார். அவர் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அக்கா எழுந்துபோய் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பிரேக் அடித்து நாலடி தள்ளி வண்டி நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"இன்னாமா, சாவறதுக்கு என் வண்டி தான் கெடச்சுதா?"

"சாவெல்லாம் பாத்தாச்சுய்யா! பொம்பளைங்கன்னா உன் கண்ணுக்கு மனுஷியா தெரியலயா?" அக்காவின் அந்தக் குரலை ஒன்றரை வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன்.

ஏறினோம். போகப்போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரும்பிய பஸ்ஸும் மகளிருக்கு இலவசம்தான், அதனால் ரயில், பாண்டிச்சேரி பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து இருவருக்கும் போக்குவரத்துச் செலவு நூற்று அறுபது ரூபாய், அவ்வளவுதான். பௌர்ணமி அல்லாத நாளில் இறங்கும்போதே அந்த வண்டிக் கண்டக்டரிடம் திரும்பும் நேரத்தைக் கேளுங்கள். இரண்டு பஸ் கைவசம் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நிற்காத வண்டியின் நம்பரை எழுதிப் புகார் கொடுங்கள், நான் கொடுத்திருக்கிறேன். ஆம்பிளையை மட்டும் தேடாதீர்கள்.

வண்டி மயிலம் தாண்டியது. அந்த மேம்பாலம் வரும்போது அக்காவின் கையைப் பிடித்தேன். "இருடி" என்று உதறிவிட்டாள். முன்னால் போன வண்டி ஏன் நிறுத்தவில்லை என்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அது வேற வண்டிம்மா, என்னாண்ட ஏன் கேக்கற" என்று அவர் கெஞ்ச ஆரம்பித்திருந்தார். பின் சீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சண்டை விக்கிரவாண்டி வரை நீண்டது.

டோல்கேட்டில் வண்டி மெதுவானபோதுதான் அக்கா வெளியே பார்த்தாள்.

"கூட்டேரிப்பட்டு இன்னும் வரலயாடி?"

"தாண்டியாச்சுக்கா" என்றேன்.