பின்பக்கத்துக் குமிழ்கள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கேட்டுக் கேட்டு அவனுக்குப் பட்டப்பெயரே ‘பந்தயம்’ என்று நிலைத்துவிட்டது. கட்டிய மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் அதற்கெல்லாம் காது கொடுக்கிற ரகமில்லை.

காரில் பாதிதான் அவனுடையது. மறுபாதி மாடியில் குடியிருந்த அக்காவுடையது. அக்கா மலைமேல் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் கார் ஓட்டப் பழகி, ஒருநாள் கேட்டில் இடித்துவிட்டாள். மச்சான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, “உனக்கெல்லாம் இது வராது” என்றார். அன்றைக்கு விட்டவள், அவர் கண்ணை மூடும்வரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதன்பிறகு தம்பியிடம்தான் முதலிலிருந்து கற்றுக்கொண்டாள். அந்தக் குட்டிச் சிவப்புக் காரில் ஏறினால் அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். தம்பிக்கு அதைப் பார்க்கப் பெருமைதான். ஆனால் கார் முழுசாகத் தனக்கே இருந்தால் எப்படியெல்லாம் மாற்றலாம் என்ற நப்பாசையும் உள்ளுக்குள் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும் என்று வந்தபோதுதான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. பந்தய டிராக்கில் வண்டி வளைவில் சாய்கிறது, கெட்டியாக வேண்டும் என்று இவன் ஒற்றைக் காலில் நின்றான்.

“ஸ்பிரிங்கை மட்டும் மாத்தி வண்டியைத் தாழ்த்திடலாம்னு நினைக்காதீங்க. பழைய ஷாக் அப்சார்பர் அதுக்குத் தாங்காது. தவளை மாதிரி குதிக்கும்” என்றார் மெக்கானிக்.

“அப்போ பந்தயத்துக்குன்னே வர்ற முழு செட்டைப் போட்டுடுங்க.”

“தாராளமா போட்டுக்கோ,” என்றாள் அக்கா. “குழி குழியா இருக்கிற அந்த ரோட்டுல நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும்.”

மெக்கானிக் சிரித்துவிட்டு நடுவழி ஒன்று சொன்னார். ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி; ஷாக் அப்சார்பர் குமிழ் வைத்தது. திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் இளகும். “டிராக்குல இறுக்கிக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் நாலையும் இளக்கிடணும். முன்னாடி இளக்கிட்டுப் பின்னாடி மறந்தீங்கன்னா, ஈர ரோட்டுல பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்.”

முன்குமிழ் இரண்டும் பானட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின்குமிழ்கள்தான் வம்பு. டிக்கியில் இருப்பதையெல்லாம் இறக்கி, உள்பக்கத்து அட்டையைக் கழற்றினால்தான் தெரியும். அட்டையில் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் எவ்வளவோ சொன்னார். அழகு கெட்டுவிடுமாம், பந்தயம் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கிக்குள் யார் எட்டிப் பார்த்து மார்க் போடப் போகிறார்களோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு வழக்கம் வைத்தாள். டிராக்குக்குப் போய் வந்தவன் நாலு குமிழையும் இளக்கிய பிறகுதான் சாவியை மாடிப்படி ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் சாவி இருந்தால் வண்டி தெருவுக்குத் தயார்; எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சாயங்காலம் திரும்பியபோது உடம்பு அடித்துப் போட்டது போலிருந்தது. முன்குமிழ் இரண்டையும் இளக்கினான். டிக்கியைத் திறந்தால் ஜாக்கி, ஹெல்மெட், கருவிப் பெட்டி, அக்காவின் மாற்றுடுப்புப் பை என்று அடைந்து கிடந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினான். போன கை சும்மா போகக் கூடாதா? பழக்கதோஷத்தில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

விடிகாலையில் கார் கிளம்பும் சத்தத்தில்தான் விழித்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி பின்குமிழ்கள் நினைவுக்கு வந்தன. வாசலுக்கு ஓடினான், கார் தெருமுனையில் திரும்பிவிட்டிருந்தது.

போன் அடித்தான். ஓட்டும்போது அக்கா போனைத் தொடமாட்டாள், அதுவும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். மறுபடி அடித்தான். மனைவி என்னவென்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். அவளுடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போட்டது போட்டபடி கிளம்பினான்.

மலை ரோட்டில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தான், பார்க்கவும் பயந்தான். எதிரே வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டுப் போனார். மேலே ஏதோ கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். கடவுளே, அந்த அட்டையில் ஓட்டை போட்டிருக்கக் கூடாதா என்று வாய்விட்டுப் புலம்பினான். அடுத்த வளைவில் கார் நின்றது, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கம் மண்மேட்டில் புதைந்தபடி. எதிர்ப்பக்கம் போயிருந்தால் பள்ளம்.

அக்கா பக்கத்திலிருந்த சிறுபாலத்துச் சுவரில் மழையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் ஏதுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு நர்ஸைப் பார்க்கச் சொல்லிவிட்டாளாம்.

“அடி கிடி பட்டிருக்காக்கா?”

“ஒண்ணுமில்லடா. வேகமாகூட வரல. வளைவுல அப்படியே சுத்திடுச்சு.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு இது சரிப்படாது. வண்டியை நீயே வச்சுக்கோ. உன் இஷ்டத்துக்குக் கெட்டியா மாத்திக்கோ. நான் பஸ்லயே போய்க்கிறேன்.”

கேட்காமலே எல்லாம் கையில் வந்து விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அப்புறம் பின்குமிழை இளக்கிவிட்டால் எந்த மெக்கானிக்கும் எந்த மனுஷரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பந்தயம் நின்றான். கொஞ்ச நேரம் நின்றேவிட்டான் என்பதுதான் அவனால் பிறகு தன்னையே மன்னிக்க முடியாத விஷயம்.

“பின்குமிழை நான் இளக்கலக்கா,” என்றான். “சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். சாவியை மட்டும் மாட்டிட்டேன்.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். விழவில்லை. அக்கா இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“அப்போ நான் ஓட்டினதுல தப்பில்லையா?”

“இல்லக்கா. யார் ஓட்டியிருந்தாலும் சுத்தியிருக்கும்.”

அவள் உடைந்து அழுதாள். அவ்வளவு நேரம் வராத அழுகை.

“பாவி,” என்றாள் அழுகைக்கு நடுவே. “வந்து நின்னதும் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வராதுன்னு உன் மச்சான் சொன்னது சரிதான்னு நினைச்சுட்டு உக்காந்திருந்தேனே.”